கலேவெலக் குளத்துக்கு ஒரு மோட்டார்

மாத்தளையில் கடல் கிடையாது. இருந்தும் நான் படகு மோட்டார் விற்றிருக்கிறேன். இதைச் சொன்னால் என் மருமகன் இன்றும் சிரிக்கிறான். நீங்களும் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அது உங்களுக்கு உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. பாதி ஆயுளைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கழித்தவன் நான். தண்ணீர்ப் பம்பு, மருந்தடிக்கும் மெஷின், நெல்லு மில்லுக்கு எஞ்சின் என்று என்னென்னவோ விற்றேன். ஆனால் "எது நல்ல மோட்டார்?" என்று கேட்டு வருகிறவருக்குப் பட்டென்று பதில் சொல்லும் துணிச்சல் மட்டும் எனக்குக் கடைசி வரை வரவில்லை. அப்படிப் பதில் சொல்கிறவனைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். உங்களில் ரெண்டு பேர் அப்படிப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுச் சாமான் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்த காலம் அது. ஒரு ஸ்பார்க் பிளக் வேண்டுமென்றாலும் கொழும்புக்கு ஆள் அனுப்பிவிட்டு, வந்தால் வந்தது என்று காத்திருக்க வேண்டும். எங்கள் முதலாளி மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். இறக்குமதிக் கதவு அடைபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கிருந்தோ ரெண்டு படகு மோட்டார்களைக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டார். மலையூர்க் கடைக்குப் படகு மோட்டார் எதற்கு என்று கேட்டேன். "மலிவா வந்திச்சி, எடுத்திட்டன். ஏன் எடுத்தன்னு நீ கேக்காத, நானும் என்னட்ட கேக்கல்ல" என்றார். அந்த மனிதரிடம் வேலை பார்த்ததால்தானோ என்னவோ, எனக்கும் குழப்பம் பழகிப்போயிற்று.

ரெண்டு மோட்டார்களையும் நாங்கள் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டோம். பெரியவனுக்கு நல்ல பலம், நல்ல பாரம். உதிரிப் பாகம் தேடினால் எப்படியாவது கிடைக்கும். சின்னவனை ஒரு கையால் தூக்கலாம், சத்தமும் குறைவு. ஆனால் அதைச் செய்த கம்பெனி அந்த மாதிரியைக் கைவிட்டுவிட்டது. உடைந்தால் உடைந்ததுதான். அந்தக் காலத்து மோட்டாரில் இழுக்கும் கயிறு தனியாக வரும். ஒரு முனை முடிச்சை மேலே இருக்கும் சக்கரத்தின் காடியில் மாட்டி, சுற்றி, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால் மோட்டார் வெறும் இரும்பு.

அவற்றை வாங்க வந்த முதல் ஆள் அந்தோனி அண்ணன். கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய குளங்களைத் திருத்திக் கட்டிய பிறகு அவற்றில் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியாவை விட்டிருந்தார்கள். மீன் பெருகியது. பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அதனால் சிலாபம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சில குடும்பங்கள் வந்து குளக்கரையில் குடிசை போட்டன. அதில் ஒரு குடும்பம் அந்தோனி அண்ணனும் அவர் மனைவி பிலோமினா அக்காவும். பிள்ளைகள் இல்லை. அவர்கள் இருந்தது கலேவெலைக்கு அப்பால் ஒரு குளக்கரையில்.

விஷயத்தை அவர் ஒளிக்காமல்தான் சொன்னார். அந்தக் குளத்தில் இத்தனை படகுதான் இறங்கலாம் என்று மீனவர் சங்கம் வைத்திருந்தது. அவருக்கும் ஒரு இடம் இருந்தது. கூடத் துடுப்புப் போட்ட மச்சான் ஊருக்குத் திரும்பிப் போனதிலிருந்து படகு கரையில் கிடக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன்னால் படகு இறங்கி வலை போடாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இடம் போனால் ஊருக்குத் திரும்பி, யாரோ ஒருவருடைய கரைவலையை இழுக்கிற கூலிக்காரனாக நிற்க வேண்டும்.

"தனி ஆளா துடுப்புப் போட்டுப் போக ஏலாது தம்பி. மோட்டார் இருந்தா சமாளிப்பன்" என்றார்.

கூட வந்திருந்த பிலோமினா அக்கா கதவோரம் கிடந்த பம்புப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்குப் பின்னால் ஒரு தார்ப்பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டி ஓட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். பெரியவனை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். பீப்பாய்த் தண்ணீர் பாதி என் சாரத்தில். அருமையாக ஓடியது. சின்னவனை மாட்டினேன். அதுவும் அருமையாக ஓடியது. பீப்பாயில் ஓடாத மோட்டாரை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் பீப்பாயை நம்பாதீர்கள் என்கிறேன்.

"இன்னொருக்கா இழுங்க தம்பி" என்றார் அந்தோனி அண்ணன்.

இழுத்தேன். மோட்டார் ஓடும்போது அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை, காது கொடுத்தும் கேட்கவில்லை. கயிற்றை இழுக்கும் என்னைத்தான் பார்த்தார். நான் சட்டையில் ஏதும் கிழிசலோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் "யோசிச்சுச் சொல்றன்" என்று போய்விட்டார்.

மறுபடி வந்தார். மறுபடி இழுக்கச் சொன்னார். மறுபடி யோசிக்கப் போனார். இதற்குள் கடையில் ஆளுக்கொரு யோசனை. கடலில் மீன் பிடித்த மனிதனுக்குப் பெரியதைத்தான் கொடுக்க வேண்டும் என்றார் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறி டிரைவர். அவர் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்குக் கொழும்பு போனபோது. குளத்துக்குச் சின்னதே தாராளம், பெட்ரோல் மிச்சம் என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். படகு மோட்டாரே கூடாது, மீன் ஓடிவிடும் என்றார் சாமான் வாங்க வந்த ஒரு உத்தியோகத்தர். சத்தம் போட்டால்தான் மீன் வலைக்குள் போகும் என்றார் அவரோடு வந்த இன்னொரு உத்தியோகத்தர். ரெண்டு பேரும் ஒரே ஜீப்பில் ஏறித்தான் திரும்பிப் போனார்கள். எல்லோர் சொல்வதும் எனக்குச் சரியாகப் பட்டது. அதுதான் என் வியாதி.

இதில் பெரிய புதிர் அந்தோனி அண்ணன்தான். கடல்காரர், பலத்தைத் தேடுவார் என்று நினைத்தேன். அவரோ சின்னவனைத் தடவித் தடவிப் பார்த்தார். "இதுக்குச் சாமான் கிடைக்காது அண்ணன், நாளைக்கு உடைஞ்சா நான் கைய விரிச்சிடுவேன்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். தலையாட்டுவார். பிறகும் சின்னவனிடமே போய் நிற்பார். வாங்குவதும் இல்லை.

முதலாளி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், "மனிசன் வாயத் தொறந்து ஒண்டும் செல்றாரில்ல. ரெண்டையும் மரக்கறி லொறில போட்டுக்கிட்டுக் குளத்துக்குப் போ. பாத்திட்டு நீயே ஒண்ட முடிவு பண்ணிக் குடுத்திட்டு வா" என்றார்.

"நானா?"

"நான் போனா ரெண்டையும் வித்திட்டு வந்திடுவன். நீ போறதுதான் அவருக்கு நல்லம்."

இதைப் பாராட்டு என்று எடுப்பதா, ஏச்சு என்று எடுப்பதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற காலம். நான் போய்ச் சேர்ந்தபோது குளம் முழுக்கச் சின்னச் சின்ன அலை. குளத்துக்குள் அகப்பட்டுச் செத்துப்போன காட்டு மரங்கள் தண்ணீருக்கு வெளியே நின்றன. பிலோமினா அக்கா குடிசை வாசலில் நின்றார். கரையில் சங்கத்தின் செயலாளரான ஒரு சிங்கள விவசாயி நாலைந்து பேரோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் சின்னவன். அந்தோனி அண்ணன் தானே கயிற்றைச் சுற்றி, இடது கையால் ஒரு இழுப்பு இழுத்தார். பட்டென்று பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கரையை ஒட்டி ஓடும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மரங்களைத் தாண்டித் திறந்த தண்ணீருக்கு வந்ததும் காற்று நேராக முகத்தில் அடித்தது. மோட்டார் ஓடுகிறது, படகு நிற்கிறது. முன்னால் போகிறோமா பின்னால் போகிறோமா என்று ஒரு பட்ட மரத்தை அடையாளம் வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். பின்னால்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தோனி அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. படகைத் திருப்பிக் காற்றோடு கரைக்கு வந்தோம்.

அடுத்தது பெரியவன். கயிற்றை நான்தான் இழுத்தேன். அவர் பின்பலகையில் உட்கார்ந்து இடது கையால் திருப்பினார். காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. சரி, முடிவாகிவிட்டது, பெரியவன்தான் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக இருந்த நேரம் குறைவு. குளத்தின் நடுவில் கீழே விசிறியில் பாசி சுற்றி, மோட்டார் இருமிவிட்டு நின்றது.

மோட்டாரைத் தூக்கிப் பாசியைப் பிய்த்து எறிந்தேன். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். நனைந்த கயிறு வழுக்கி, என் கை சக்கரத்தின் விளிம்பில் அடிபட்டு உள்ளங்கை கிழிந்தது. ரத்தம். காற்று எங்களைப் பட்ட மரங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. அந்தக் கொம்புகளில் ஒன்று குத்தினால் பலகைப் படகு தாங்காது.

"அண்ணன், நீங்க இழுங்க" என்றேன்.

அவர் அசையவில்லை.

"என் கைய பாருங்க, இழுங்க அண்ணன்."

"எனக்கு ஏலா தம்பி" என்றார். மிக மெதுவாகச் சொன்னார். "வலது தோள் போச்சு. பாறையில விழுந்தன். சின்னத இடது கையால இழுக்கலாம். இத ஏலாது."

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. அவர் ஏன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏன் சின்னவனைத் தடவினார், ஏன் துடுப்புக்கு வேறு ஆள் வைக்கவில்லை. கூலிக்கு ஒருவனை வைத்தால் தோள் கதை மறுநாளே சங்கத்துக்குப் போய்விடும். ஒன்றும் முடியாதவனுக்கு எதற்கு இடம் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. மனிதன் இதை வாய் திறந்து சொல்லாததில் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட அது நேரமில்லை. சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் ஒற்றைக் கையால் துடுப்பை மரத்தில் ஊன்றிப் படகைத் தள்ளிப் பிடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். சில இழுப்புக்குப் பிறகு மோட்டார் பிடித்தது.

கரை வரும் வரை விசிறியில் மறுபடி பாசி சுற்றுகிறதா என்று நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கரையில் இறங்கியதும் செயலாளர் வந்தார். என் கையைப் பார்த்தார், அந்தோனி அண்ணனைப் பார்த்தார். மோட்டார் எப்படி என்று சிங்களத்தில் கேட்டார். நல்ல மோட்டார் என்றேன். "அந்தோனி எப்படி?" என்றார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு உங்களுக்கு எந்த விலைப்பட்டியலிலும் பதில் இருக்காது. உண்மையைச் சொன்னால் அவருடைய இடத்தை நானே பறித்தது போல். ஆள் நலம்தான் என்று சொன்னால், தனியாக நடுக்குளத்துக்குப் போக நானே வழிவிட்டது போல். பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். படகில் யார் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று.

அவர் சிரித்தார். படகு தண்ணீரில் இருக்க வேண்டும், வலை தண்ணீரில் இருக்க வேண்டும், அதுதான் சட்டம், ஆள் அவரவர் பாடு என்றார். ஆட்களோடு கரையோரமாக நடந்து போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா இல்லையா என்று நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விளங்கவில்லை.

படகடியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

"பெரியத தாங்க தம்பி" என்றார் அந்தோனி அண்ணன். "கொஞ்ச நாள்ல தோள் சரியாயிடும். நான் பாத்துக்குவன்."

"சரியாகாது" என்றார் பிலோமினா அக்கா. அன்றுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. "டாக்டர் அதத்தான் சொன்னார். நாட்டு வைத்தியரும் அதத்தான் சொன்னார். தம்பி, அந்தக் கயிற இழுக்க எவ்வளவு பலம் வேணும்?"

என்னிடம்தான் கேட்டார். ஆனால் பதில் வந்தது அவர் புருஷனிடமிருந்து.

"எங்கட ஊர்ல பொம்பளைங்க வள்ளத்துல ஏற மாட்டாங்க தம்பி. எங்கப்பாட வள்ளத்த எங்கம்மா தொட்டதே இல்ல."

"அது கடல்" என்றார் அக்கா.

"தண்ணி தண்ணிதான்."

"இந்தத் தண்ணிய அள்ளித்தான் நான் சோறாக்குறன். கடல் தண்ணில ஆக்கேலுமா?"

அந்தோனி அண்ணன் துடுப்பை எடுத்துக் கரையில் போட்டார். அவருடைய வழக்கத்தில் தலையிட நான் யார்? எனக்குத் தெரிந்த தண்ணீர் பீப்பாய்த் தண்ணீர். சின்னவனைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வழக்கமும் கெடாது, கௌரவமும் கெடாது, ஆனால் கச்சான் பலத்து அடிக்கிற முதல் நாளே மனிதன் திரும்பி வரமாட்டார். பெரியவனைக் கொடுத்தால் தனியாகத்தான் போவார். அது ஒருநாள் நடுவில் நிற்கும். ஒன்றும் கொடுக்காமல் போனால் இடம் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனிதனுக்கு அடி. இதில் எது நல்ல மோட்டார் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

எதுவும் புரியாதபோது ஒன்றைச் செய்து பார்ப்பது என் பழக்கம். படகின் பின்பக்கத்தைக் கரைக்கு இழுத்து, "அக்கா, வெளிய நின்னே இழுங்க. ஏற வேணாம்" என்றேன். அவர் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கயிறு சுற்றுவதைக் காட்டிக் கொடுத்தேன். முதல் இழுப்பில் முனகியது. ரெண்டாவதில் கயிறு கழன்று அவர் பின்னால் விழப் பார்த்தார். அந்தோனி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது தடவை அக்கா காலை அகட்டி ஊன்றி, இடுப்பால் இழுத்தார். பெரியவன் பிடித்துக்கொண்டு உறுமினான். அக்கா உடனே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். மறுபடி தானே சுற்றி, தானே இழுத்தார். மறுபடி ஓடியது.

கயிற்றைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தேன்.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும். அண்ணன்கிட்ட குடுக்காதீங்க."

அந்தோனி அண்ணன் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை நான் கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலம் முழுக்கப் பார்த்ததில்லை.

"மோட்டார் வாங்குறது நானா, அவவா?"

"நீங்கதான் அண்ணன்" என்றேன். "ஆனா நீங்க தனியா போய் நடுவுல நின்னுட்டா, நான் வித்த சாமான்தான் ஒங்க உயிர எடுத்துச்சின்னு ஆகும். அதோட என்னால வீட்டுக்குப் போய்ச் சோறு திங்க முடியாது. கயிறு அக்காகிட்ட இருக்கும்னா மோட்டார விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி ரெண்டையும் லொறில ஏத்திக்கிட்டுப் போறேன்."

சொன்ன பிறகுதான் பயந்தேன். அவர் "ஏத்திக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டால் அவர் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான். சரியென்று ஏற்றுக்கொண்டால், தகப்பன் காலத்து வழக்கத்தை ஒரு கடைக்காரன் பேச்சுக்காக முறித்தவர் அவர். இதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பிகளே, தங்கச்சிகளே: சாமானை விற்கும் முன்னால் அதை யார் கையால் இயக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. இருந்தாலும் கேளுங்கள்.

பிலோமினா அக்கா கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார். காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. லொறி டிரைவர் ரெண்டு தடவை ஹோர்ன் அடித்தார்.

அந்தோனி அண்ணன் குளத்தைப் பார்த்தார். பிறகு படகில் ஏறினார். மோட்டார் பக்கத்துப் பின்பலகையைத் தாண்டி நடந்து, முன்னால் வலை கிடந்த இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சிலுவை போட்டுட்டு ஏறு" என்றார்.